பூக்காத அவரை

அவரை விதைகள் பதினொன்று. கறுப்பு விதை; ஒரு விளிம்பில் மட்டும் சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல் வெள்ளை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பெருக்கித் துடைக்கும் அம்மா அவற்றைப் பழைய தைல டப்பா ஒன்றில் சாம்பலோடு போட்டுக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். நான் எண்ண ஆரம்பித்தேன்.

"எண்ணாத சார். கீறதே அவ்ளோதான்."

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சென்னீர்குப்பத்தில் வீடு. காலையில் பஸ் பிடித்து ஐயப்பன்தாங்கல் வந்து, எங்கள் கட்டடத்தின் நான்கு தளத்துப் படிகளையும் துடைத்து முடிக்கும்போது பத்தரை ஆகும். அன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். அவர் வீட்டு வேலியில் வருஷா வருஷம் ஏறும் கொடி அவரை அது. பட்டையான காய், ஓரத்தில் ஊதா நிறம், எவ்வளவு வெந்தாலும் கரையாது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் விதை கொடுத்திருக்கிறார். ஆனால் இரண்டு வருஷமாக அந்தத் தெருவில் எந்த வேலியிலும் அது பூக்கவில்லை. கொடி மட்டும் கூரை வரை ஓடுகிறது. வாங்கியவர்களிடமும் விதை இல்லை, இவரிடமும் இந்தப் பதினொன்றைத் தவிர இல்லை.

"எங்க ஊட்டாண்ட மண்ணு செத்துப்பூட்ச்சு சார். உன் மொட்டமாடில நல்ல வெய்யிலு அடிக்குது. நீ நடு. காய நீயும் ஊட்டம்மாவும் துன்னுங்க, வெதய எனுக்குக் குடுத்துடு."

"கடையில விக்கிறாங்களேம்மா அவரை விதை?"

"அது செடி அவர சார். ரப்பர் மேரி கீது. இது பூட்ச்சுன்னா பூட்ச்சு."

ஏற்கெனவே பழைய விதை. இன்னொரு வருஷம் டப்பாவில் கிடந்தால் முளைக்குமா என்பது சந்தேகம். இந்த ஆடியில் போட்டு, வருகிற தை மாசியில் விதை எடுக்காவிட்டால் அந்த அவரை அத்தோடு முடிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விதை அதற்குள் என் கையில் இருந்தது.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில், போல்ட்டையும் நட்டையும் அளந்து தேறியது, தேறாதது என்று பிரித்துப் போடும் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்றபின் அளக்க எதுவும் இல்லாததால் எண்ணுகிறேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து மொட்டை மாடிக்கு முப்பத்தெட்டுப் படிகள். காலை மாத்திரை ஐந்து, இரவு மூன்று. என் மனைவி இதைக் குறை சொல்வதில்லை. எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் கவலைப்படாமல் இருக்கிறேன் என்பது அவள் கணக்கு.

பதினொன்றில் ஒன்பது முளைத்தன, இரண்டு அழுகின. அதிக நேரம் ஊறவைத்துவிட்டேனோ என்று நான்கு நாள் புலம்பினேன். பழைய பிளாஸ்டிக் டிரம் மூன்றைப் பாதியாக வெட்டி, பாதிக்கு ஒன்று, சிலதில் இரண்டு என்று நட்டேன். படிக்கட்டு அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே மூங்கிலும் நைலான் கயிறுமாகப் பதினான்கடிக்குப் பத்தடிப் பந்தல். தண்ணீர்த் தொட்டி நான்கு தூண்மேல் நிற்பது. பந்தலின் மேற்கு மூலை அதன் பின்னால் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும்.

அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். நாற்றுகள் ஒன்பதும் கிழக்கே சாய்ந்தன. சாயட்டும் என்று விடாமல் டிரம்மைத் திருப்பிவைத்தேன். மறுநாள் மாலைக்குள் தலைகள் மறுபடி கிழக்கே வந்திருந்தன. வேர் கீழே, தண்டு மேலே, நுனி வெளிச்சத்தைப் பார்த்து என்று பாடப் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். ஆனால் ஒரு செடி நம் கண்முன்னால் அப்படிச் செய்யும்போது, நம்மை மீறித் திரும்பிக்கொள்கிறதே என்று கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது. கொடி கயிற்றைத் தொட்டதும் சுற்றத் தொடங்கியது. மேலிருந்து பார்த்தால் ஒன்பதும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகவே சுற்றின. ஒன்றை மட்டும் பிரித்து எதிர்த்திசையில் சுற்றிக் கட்டினேன். கட்டின இடம் வரை என் பேச்சைக் கேட்டது. கட்டுக்கு மேலே வளர்ந்த நுனி தன் பழைய வழியிலேயே போய்விட்டது.

"அதை ஏன் வம்புக்கு இழுக்கறீங்க," என்றாள் மனைவி.

புரட்டாசியில் ஒரு காலை நுனிகளை எண்ணினேன். முந்தைய நாள் அறுபத்து மூன்று, அன்று அறுபத்தொன்று. மறுபடி எண்ணினேன். இரண்டு நுனிகள் கிள்ளப்பட்டிருந்தன. அணிலாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு மனிதக் கையாகவே தோன்றியது. இன்று நுனி, நாளை பூ, அப்புறம் காய். விதை என்னுடையது அல்ல; போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

குடியிருப்போர் சங்கத்தில் மொட்டை மாடிக்கு விளக்கு கேட்டேன். செயலாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர், கணினி வேலை, பொறுமைசாலி. மூன்று கூட்டங்களில் பேசினேன். அவரைக்காக என்று சொன்னால் யார் கேட்பார்கள்? படியில் தடுக்கி விழும் முதியவர்கள், கேமராவில் எதுவுமே தெரியாத இருட்டு என்று பேசினேன். இருபத்து நான்கு வீட்டில் பத்தொன்பது கையெழுத்து வாங்கினேன். ஐப்பசி தொடக்கத்தில் படிக்கட்டு அறையின் தலையில் ஒரு வெள்ளை ஃபோகஸ் லைட் வந்தது. பொழுது சாய்ந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். அதன்பின் ஒரு நுனிகூடக் காணாமல் போகவில்லை. அந்த மாதம் நன்றாகத் தூங்கினேன்.

மழை வந்தது, போனது. கார்த்திகையும் பாதி போனது. பந்தல் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் ஆகிவிட்டது. ஓர் இலை என் உள்ளங்கையைவிடப் பெரிது. பூ இல்லை. மொட்டும் இல்லை. தினமும் காலை முப்பத்தெட்டுப் படி ஏறி, நோட்டில் தேதி போட்டு, எதிரே சைபர் எழுதிவிட்டு இறங்குவேன்.

புளித்த மோரைத் தெளித்தேன். பெருங்காயத் தண்ணீர் விட்டேன். உரம் கூடிவிட்டது என்று யாரோ சொல்ல உரத்தை நிறுத்தினேன். தண்ணீர் கூடிவிட்டது என்று வேறொருவர் சொல்ல, மூன்று நாள் காயப்போட்டுவிட்டு மனசு கேட்காமல் நாலாம் நாள் இரட்டிப்பாக ஊற்றினேன். மனைவி ரசத்துக்குப் பெருங்காயம் தேடினாள். டப்பா காலி.

கார்த்திகை முடிவில் சென்னீர்குப்பத்து அம்மா மாடிக்கு வந்து பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலையை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"எங்க ஊட்லயும் இதே மேரிதான் சார். எலதான் சிலுத்துக்கினு நிக்கும்."

"என்னமா பண்றது?"

"மெரட்டிப் பாக்கலாம். எங்க பக்கம் காய்க்காத மரத்தப் பண்ணுவாங்க. நீ வெட்டப் போற மேரி நில்லு. நான் வோணாம்னு கெஞ்சுவேன்."

தாவரவியல் படித்தவன் இதற்குச் சம்மதித்திருக்கக் கூடாது. ஆனால் நோட்டில் நாற்பத்தொரு சைபர் சேர்ந்திருந்தது. கீழே போய் ஆயுதம் கேட்டேன். மனைவி காய் நறுக்கும் கத்தியைத்தான் கொடுத்தாள்.

"இத்த வச்சு இன்னா வெட்டுவ, வெங்காயமா," என்றார் அந்த அம்மா. "சரி, ஓங்கு. கோவமா சொல்லு."

நான் கத்தியை ஓங்கி, பூக்காத கொடி எனக்கு எதற்கு, இன்றைக்கே வெட்டிவிடுகிறேன் என்றேன். அது விடுப்புக் கடிதம் வாசிப்பதுபோல் இருந்ததாக அவர் பிறகு சொன்னார். அவரோ நிஜமாகவே கெஞ்சினார். "வோணாம் சார், பச்சப் புள்ள மேரி சார், இந்த ஒரு தபா உட்டுடு. தையில காய்ச்சுக் குடுக்கும், நான் ஜவாப்பு." அது நடிப்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. நான் கத்தியை இறக்கினேன். திரும்பினால் படிக்கட்டு வாசலில் சங்கச் செயலாளர்.

"அங்கிள், யார் மேல கோபம்?"

"அவரை மேல."

"யாரு மேல, அங்கிள்?"

கொடியைக் காட்டினேன். அவர் கத்தியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியில் நீர் அளவைப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு, பார்க்காமலே இறங்கிப் போனார்.

ஒன்பதாவது நாள் பூ வந்தது. மேற்கு மூலையில், இலைகளுக்கு மேலே நிமிர்ந்து, ஊதாப் பூங்கொத்து. அன்று நான்கு கொத்து, அந்த வாரக் கடைசியில் பதினேழு.

"பாத்தியா சார். பயந்துகினு பூத்துருச்சு," என்றார் அந்த அம்மா. அன்று அவர் படியை இரண்டு முறை துடைத்தார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பதினேழும் மேற்கு மூலையிலேயே இருந்தன. பந்தலின் மற்ற இடமெல்லாம் பழையபடி சைபர். மிரட்டல் எல்லாக் கொடிக்கும் பொதுவாகத்தானே சொன்னோம்? அந்த மூலைக் கொடிகள் மட்டும் பயந்தவை என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியவில்லை. ஒரே கொடி, ஒரே வேர், அதில் பிரிந்த இரண்டு கிளைகளை விரலால் தடவிக்கொண்டே போனேன். தொட்டிக்குப் பின்னால் போன கிளையில் ஐந்து கொத்து. படிக்கட்டு அறைப் பக்கம் வந்த கிளையில் ஒன்றும் இல்லை. மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, மோரும் பெருங்காயமும் ஒன்று. வெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு வேறு என்ன வித்தியாசம்?

அன்று மாலை ஆறு மணிக்கு மறுபடி ஏறினேன். அந்த நேரத்தில் நான் மாடிக்குப் போவதில்லை. விளக்கு வந்த பிறகு போகத் தேவையும் இருக்கவில்லை. சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது. பந்தல் முழுக்க நண்பகல்போல் வெள்ளையானது, ஒரு மூலை தவிர. அங்கே தண்ணீர்த் தொட்டியின் நிழல், கத்தரியால் வெட்டிப் போட்டதுபோல் விழுந்து கிடந்தது. போய்ப் பார்த்தேன். பதினேழு கொத்தும் நிழலுக்குள். கோட்டுக்கு வெளியே ஒன்றுகூட இல்லை.

குறும்பகல் தாவரங்கள் என்று அதற்குப் பெயர். பகல் குறைந்து, இரவு நீண்டு, அந்த நீண்ட இருட்டு இடையில் கலையாமல் இருந்தால்தான் அவை பூக்கும். இருட்டில் வெளிச்சம் பட்டால், இன்னும் கோடைதான் என்று எண்ணிக்கொண்டு இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். கல்லூரித் தேர்வில் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். என் அவரை ஐப்பசி முதல் இரவு என்பதையே காணாமல் நின்றிருக்கிறது. பத்தொன்பது கையெழுத்து வாங்கி அந்த இரவைப் பறித்தவன் நான்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் செயலாளரிடம் போனேன்.

"அங்கிள், லைட் வேணும்னு நீங்கதான் மூணு மீட்டிங் பேசினீங்க. மினிட்ஸ்ல இருக்கு."

"தெரியும்பா."

"இப்ப வேண்டாங்கறீங்க."

"வேணும். படிக்கட்டு வாசலுக்கு வேணும், கேமராவுக்கு வேணும். அவரைக்குத்தான் வேண்டாம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "வாசல்ல வெளிச்சம் குறையாம நீங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க அங்கிள். மறுபடி கையெழுத்து மட்டும் வாங்கக் கிளம்பிடாதீங்க."

காலி எண்ணெய் டின்னை வெட்டி விளக்குக்கு ஒரு மறைப்பு செய்தேன். முதலாவது கேமராவின் கண்ணையும் மறைத்தது. இரண்டாவது காற்றில் பிய்ந்துகொண்டு போய்ப் பக்கத்துக் கட்டடத்து மாடியில் விழுந்தது. மூன்றாவதைப் போல்ட் போட்டு முடுக்கினேன். வெளிச்சம் வாசலில் மட்டும் விழுந்தது. பந்தல் இருட்டில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவர் படி துடைத்து முடித்ததும் கூட்டிப்போய், மறைப்பைக் காட்டி, நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் தவறுதான் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட்டு எரிஞ்சா பூக்காதா சார்?"

"ராத்திரியெல்லாம் எரிஞ்சா பூக்காது. இந்த ஜாதி அவரைக்கு இருட்டு வேணும்."

"எங்க தெரு மொனையில ஐவேசு ரோட்டுக்கோசரம் ஒசரமா ஒரு கம்பம் வச்சாங்களே. தல மேல வட்டமா எத்தினி லைட்டு. ராத்திரி எங்க ஊட்டுத் திட்டில குந்திகினு அரிசில கல்லு பொறுக்கலாம்."

"எப்ப வச்சாங்க?"

அவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். இரண்டாவது விரலிலேயே நிறுத்திவிட்டார்.

"அப்ப எங்க மண்ணு சாவல," என்றார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மண்ணு மேல பழியப் போட்டு, எருவக் கொட்டி, கோயிலாண்ட கூட வேண்டிக்கினேன் சார். இந்தக் கம்பத்தாண்ட கத்தியோட நின்னுருக்கணும்."

பொங்கலுக்கு மேற்கு மூலையில் காய் இருந்தது. விதைக்காக ஒரு காயையும் தொடக்கூடாது என்று நான் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த அம்மா வந்து, எதை விடுவது எதைப் பறிப்பது என்று பார்த்து, பறிக்க வேண்டியதைத் தானே பறித்து அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். "எல்லாத்தையும் உட்டா கொடி களச்சுப்போவும் சார். துன்னு." கூட்டு வைத்தோம். அவர் சொன்னதுபோலவே கரையவில்லை. ஊதா ஓரம் மட்டும் வெந்ததும் பச்சையாகிவிட்டது. அவருக்கு ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தாள் மனைவி. மறைப்பு போட்டபின் மற்ற பக்கமும் மெல்ல மொட்டு வைத்தது. இருபத்தாறாம் நாள் முதல் பூ.

மாசிக் கடைசியில் காய்கள் நெற்றாகிச் சலசலத்தன. மாடியில் சாக்கு விரித்து அவர் உடைக்க, நான் எண்ணினேன். முந்நூற்று நாற்பதுக்கு மேல் என்னை எண்ண விடவில்லை. சுருங்கியது, ஓட்டை விழுந்தது, மெலிந்தது என்று நான் எண்ணி வைத்ததிலேயே பாதியைத் தள்ளினார். அம்பத்தூரில் என் பிரிவில் அவர் இருந்திருந்தால் பாதி போல்ட் வெளியே போயிருக்காது. மிச்சத்தில் எனக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டு மற்றதைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்துகொண்டார்.

"வர்ற ஆடிக்கு எங்க போடுவீங்க? அந்தக் கம்பம் அங்கேயேதானே இருக்கும்?"

"அதான் சார் யோசன. ஒரு தபா வந்து பாரேன். நீதான் நெழல் கண்டுபுடிக்கிற ஆளு."

ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் ஏறிப் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஐந்தாவது வீடு, ஓட்டுக் கூரை. அவர் கணவர் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் சுமை ஏற்றும் வேலை பார்ப்பவர். வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். நான் உட்காரவில்லை. பொழுது சாய்ந்ததும் கம்பத்து விளக்குகள் எரிந்தன. தெரு முழுக்க வெள்ளை. வேலியோரம் என் கை விரல் ஐந்தின் நிழலும் தரையில் தனித்தனியாக விழுந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு கையை நீட்டியபடியே நடந்தேன். பின்பக்கம், குளியலறைச் சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவில் வந்ததும் விரல் நிழல் போய்விட்டது. அகலம் நாலடி, நீளம் ஒன்பதடி. மேற்குப் பார்த்த இடம். மதியத்துக்கு மேல் நல்ல வெயில் விழும் என்றார் அந்த அம்மா. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு கணவரின் மோட்டார் சைக்கிள் நின்றது.

நான் அடியால் அளப்பதைப் பார்த்துக் கணவர் கேட்டார். "இன்னா சார் அளக்குற, ஊடு வாங்கப் போறியா?"

"அவர போடப் போறோம்," என்றார் அந்த அம்மா. "வண்டிய எடு."

"எடுத்து?"

"முன்னாடி உடு."

"எவனாவது தூக்கினு பூட்டான்னா?"

"அவ்ளோ பெரிய லைட்டு எரியுது, எவன் தூக்குவான். பூட்டிட்டு வா."

கொடியை ஓட்டுக்கு மேலே ஏற விடக்கூடாது, ஏறினால் மறுபடி வெளிச்சம் படும் என்று நான் இரண்டு முறை சொன்னேன். ஏறினால் கிள்ளிவிடுவதாக அந்த அம்மா சொன்னார். மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தபோது காபி வந்துவிட்டது.

கணவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் போனார். ஆடிக்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது, இப்போதே எதற்கு என்றேன்.

"இன்னிக்கே புடிச்சுக்கணும் சார். இல்லாங்காட்டி நாளிக்கு மறுபடி வண்டி இங்க வந்து குந்திக்கும்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா, சுவரோரம் கிடந்த மூங்கில் கழி ஒன்றை எடுத்து, அந்த இருட்டின் நடுவில் நட்டு, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்தார்.